தங்கச்சியின் ஒன்பதாம் நாளுக்கு மல்கிரேவிலிருந்து டூங்காபி வரை

சித்திரை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை என் தங்கச்சி ஜசிந்தா சிட்னியில் இறந்துபோனாள். ஐம்பத்தொரு வயது. தலைக்குள் நரம்பு வெடித்தது என்றார்கள். நான் மெல்பேர்னில் மல்கிரேவில் இருக்கிறேன். செய்தி வந்த அன்றே போயிருக்க வேண்டும். போகவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமைதான் ரயில் ஏறினேன். மடு மாதா கோவிலுக்கும் வேளாங்கண்ணிக்கும் போன பயணங்களை இங்கே எழுதியபோது பலர் வாசித்துவிட்டு, போக உதவியாக இருந்தது என்று சொன்னீர்கள். இதுவும் யாருக்காவது உதவலாம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் போகவில்லை என்பதை முதலே சொல்லிவிடுகிறேன். பயம். விமானம் பயம், தனியாகப் போகப் பயம், எல்லாவற்றையும் விட அந்த வீட்டு வாசலில் நிற்கப் பயம். இருபத்து நாலு வருடத்துக்கு முன் ஜசிந்தா தொலைபேசியில், தான் ஜமேக்காக்காரர் ஒருவரைக் கட்டப்போவதாகச் சொன்னாள். நான் "காப்பிலியையோ?" என்று கேட்டேன். எங்கள் ஊர் மன்னாரில் ஆபிரிக்க ஆட்களைச் சொல்லும் பழைய சொல் அது. சொல்லைவிட, நான் சொன்ன விதம் கெட்டது. கலியாணத்துக்கும் போகவில்லை. பிறகு அவளுக்கு மகள் பிறந்தாள், நாங்கள் நத்தார் என்கிற கிறிஸ்மஸுக்கும் பாஸ்காவுக்கும் பேசிக்கொண்டோம், அவள் இரண்டு தடவை மகளைக் கூட்டிக்கொண்டு மெல்பேர்னுக்கு வந்துபோனாள். அந்தச் சொல்லைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளுடைய புருஷன் முகத்தை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் செத்தவரின் அறையை முப்பத்தோராம் நாள் வரை அசைக்க மாட்டோம். மெழுகுதிரி கொளுத்தி, கட்டிலும் கதிரையும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதுவரைக்கும் ஆன்மா வீட்டை விட்டுத் தூரம் போகாது என்று நாங்கள் நம்புகிறோம். பங்குச் சாமியார் இதை ஒத்துக்கொள்வாரோ தெரியாது. நான் போட்ட கணக்கு இதுதான்: அவளுடைய அறைக்குள் போய், அவள் அங்கே இருக்கும்போதே, அந்தச் சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

கணவருக்குக் கிழமையில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு, அவரால் வர முடியாது. காலை ஐந்து ஐம்பதுக்கு டாக்சி வந்தது. ஓட்டியவர் பொயிண்ட் குக்கில் இருக்கும் இந்தியத் தமிழர்.

"சிட்னிக்கு டிரெயின்லயாக்கா? முழு நாளும் போயிடுமே. ஃப்ளைட்ல ஒண்ணரை மணி நேரம்தான்."

"எனக்குப் பிளேன் பயம் தம்பி."

"டிரெயின் நடுவுல நின்னுச்சுன்னா?"

"நிண்டா நிலத்திலதானே நிக்கும்."

அவர் சிரித்தார். "ஏதாச்சும் விசேஷமா?" என்று கேட்டார். செத்தவீடு என்றேன். அதற்குப் பிறகு வானொலியை நிறுத்திவிட்டு ஓட்டினார். கிளென் வேவர்லி ஸ்டேஷன் வரை ஆறு கிலோமீட்டர், மீட்டரில் இருபத்து மூன்று டொலர். அங்கிருந்து சதர்ன் க்ராஸ் ஸ்டேஷனுக்கு ஐம்பது நிமிடம். சிட்னி ரயில் காலை எட்டரைக்கு. டிக்கெட் நூற்றுப் பதினேழு டொலர், ஒருவழி. ஒரு கிழமை முதல் எடுத்திருந்தால் குறைந்திருக்கும் என்று பக்கத்து ஆசனக்காரி சொன்னாள். ஒரு கிழமை முதல் இதே வெள்ளிக்கிழமை காலைதான் என் தங்கச்சி செத்தாள் என்று அவளுக்குச் சொல்லவில்லை.

தூரம் தொள்ளாயிரத்து ஐம்பது கிலோமீட்டர் அளவில், பதினொரு மணி நேரத்துக்கு மேல். ஆசனம் நல்லது, கால் நீட்டலாம். சாப்பாட்டுப் பெட்டியில் தேநீரும் சுடவைத்த சாப்பாடும் உண்டு, ஆனால் நான் புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு போனேன். ஆல்பரி தாண்டிய பிறகு நெடுநேரம் தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. யாராவது எடுத்து, வராதே என்று சொன்னால் எனக்குத் தெரியவராதே என்று ஒரு பயம். சிக்னல் வந்ததும், சொல்லிவிடுவார்களோ என்று அடுத்த பயம். வெளியில் மஞ்சள் புல்லும் செம்மறியாடும். கோல்பர்ன் தாண்ட இருட்டிவிட்டது. இரவு எட்டு மணிக்குக் கொஞ்சம் முன் சிட்னி சென்ட்ரல்.

மேடையில் ஜசிந்தாவின் மகள் ரேச்சல் நின்றாள். இருபத்திரண்டு வயது. அப்பாவின் உயரம், அப்பாவின் சுருள் முடி, என் தங்கச்சியின் நெற்றி. கட்டிப்பிடித்துக்கொண்டோம். அவர்கள் வீடு இருக்கும் டூங்காபிக்கு முக்கால் மணி நேர ரயில். தனி டிக்கெட் தேவையில்லை, வங்கி அட்டையைத் தட்டினால் போதும், ஐந்து டொலருக்குக் கிட்ட எடுத்தது.

"பெரியம்மா, டாட் இண்டைக்கு முழுக்க வீட்டைக் கிளீன் பண்ணினவர்," என்றாள் ரேச்சல். "உங்களைப் பாக்க அவருக்குப் பயம்."

"என்னையோ? எனக்கென்ன கொம்பே?"

"அம்மா சொல்லி வச்சிருக்கிறா, அக்கா ஒரு பார்வை பாத்தா பால் திரையும் எண்டு." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "அடக்கம் செவ்வாய்க்கிழமைதான், நாளைக்கு நைன் நைட் பெரியம்மா. எங்கட அப்பாட ஆக்கள் ஒன்பதாம் நாள் ராத்திரி செய்யிறது. ஆனா இங்க யூனிட்ல ராவில சத்தம் போடேலாது. அதால பின்னேரம் ரெண்டு மணிக்குத் தொடங்குறம்."

"அதில என்ன செய்யிறது?"

"சாப்பாடு, பாட்டு, டொமினோ. பிறகு அம்மாவை அனுப்புறது."

அனுப்புறது என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. எனக்குப் பயமான இடத்தில் நான் தலையை மட்டும் ஆட்டுவேன். அதுதான் எல்லாப் பிழைக்கும் காரணம்.

வீடு ஸ்டேஷனிலிருந்து எட்டு நிமிட நடை, அடுக்குமாடியில் கீழ்த்தள யூனிட். கதவைத் திறந்தவர் ஜசிந்தாவின் புருஷன் டெஸ்மன்ட். பெரிய மனிதர், வாசலை நிறைத்துக்கொண்டு நின்றார். நான் "ஹலோ" என்று தொடங்குமுன் அவர் தமிழில் "அக்கா" என்றார். அந்த ஒரு சொல்தான் அவருக்குச் சரியாக வரும் தமிழ். ஜசிந்தா வீட்டில் என்னை அப்படிச் சொல்லிச் சொல்லியே அவருக்கும் பழகிவிட்டதாம். நான் என் பெட்டியைத் தூக்கி முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன், என்ன செய்வதென்று தெரியாமல்.

உள்ளே அவருடைய மூத்த சகோதரி பெவர்லி. பிரிஸ்பேனில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் சமைப்பவர், என் வயதுதான். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான் நடந்தது. அவருடைய ஆங்கிலம் எனக்குப் பாதி, என்னுடையது அவருக்குப் பாதி, விடுபட்டதை ரேச்சல் நிரப்பினாள். ஆகவே அவர் சொன்னதையெல்லாம் எனக்கு விளங்கிய பேச்சில் எழுதுகிறேன். பெவர்லி என்னைக் கண்டதும் ஒரு கோப்பையை நீட்டினார். ஒரு வாய் குடித்தேன், பாகல். பாகல் கொடியை அவித்த தண்ணீர். அவர்களும் காய்ச்சலுக்கும் கவலைக்கும் அதைத்தான் குடிப்பார்களாம். பிறகு "வா, நியாம்" என்றார்.

"நியாம் எண்டா சாப்பிடுறது," என்றாள் ரேச்சல். "ஆபிரிக்காவில இருந்து வந்த சொல். அடிமையாக் கொண்டுவரேக்க உடுப்பையும் பேரையும் புடுங்கிப்போட்டாங்கள். இந்தச் சொல்லுகளைப் புடுங்க ஏலேல்ல."

எங்களுக்கும் போர்த்துக்கீசர் விட்டுப்போன சொற்கள் இருக்கின்றன, குசினி, கதிரை, அலுமாரி. எங்களுடையது ஆள வந்தவன் விட்டுப்போனது. அவர்களுடையது சங்கிலியோடு வந்தவன் வாய்க்குள் ஒளித்துக் கொண்டுவந்தது. அந்த வித்தியாசத்தை யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று ஞாபகம் இல்லை.

படுக்குமுன் ஜசிந்தாவின் அறைவாசலுக்குப் போனேன். டெஸ்மன்ட் இந்த எட்டு நாளும் அதற்குள் படுக்கவில்லை, மகளின் அறையில் நிலத்தில் படுக்கிறார். யன்னலுக்குக் கீழே கட்டில், பக்கத்தில் சின்ன மேசை, எதிரில் கண்ணாடி வைத்த மேசை. கண்ணாடியை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். உள்ளே கால் வைக்க முடியவில்லை. அவள் இருந்தால், கோபமாக இருந்தால், என்ற நினைப்புத்தான். நாளைக்குப் பகல் வெளிச்சத்தில் கேட்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, ஹோலில் சோபாவில் படுத்தேன்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு ரேச்சலும் நானும் கடைக்குப் போனோம். பக்கத்தில் தமிழ்க் கடைகள் தாராளம், மெல்பேர்னை விட மரக்கறி மலிவு. ஆட்டிறைச்சி ஆறு கிலோ, இஞ்சி ஒரு கிலோ, உறையவைத்த துருவிய மரவள்ளி நாலு பொதி. திரும்பி வரும்போது பத்தே முக்கால். பெவர்லி குசினியில், டெஸ்மன்ட்டும் அவருடைய இரண்டு நண்பர்களும் வெளியில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இதுதான் நேரம் என்று அறைக் கதவைத் திறந்தேன்.

அறை அவளுடைய அறையாக இல்லை. மெத்தை சுவரில் நிமிர்த்தி வைத்திருந்தது. கட்டில் சட்டம் கதவுப் பக்கம் குறுக்கே கிடந்தது. கண்ணாடி மேசை சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. உடுப்பெல்லாம் பைகளில். ஒன்பது நாள்கூட முடியவில்லை, அவளை வீட்டை விட்டே துரத்திவிட்டார்களே என்று நினைத்தேன். அவள் வந்து பார்த்தால் தன் அறை என்று தெரியாமல் திரும்பிப் போய்விடுவாள். நான் யாரிடம் மன்னிப்புக் கேட்பேன்?

நான் மல்கிரேவில் ஒபீஸ் கட்டடங்கள் துப்புரவு செய்கிறவள், பதினெட்டு வருடமாக. தளபாடம் எங்கே நின்றது என்பதைக் கம்பளம் சொல்லும். நாலு கால் நின்ற இடத்தில் நாலு குழி இருக்கும். காலுக்குக் கீழே மடித்த துவாய்த் துணி வைத்தால் எவ்வளவு பாரமும் சத்தமில்லாமல் நகரும். ஒவ்வொரு காலையும் அதன் குழியில் கொண்டுபோய் இறக்கினேன். மெத்தையைப் போட்டு, விரிப்பை இழுத்து மூலை மடித்து, மேசையைத் திருப்பி, சீப்பையும் செபமாலையையும் பையிலிருந்து எடுத்து வைத்தேன். இருபத்தைந்து நிமிடம். வியர்த்து ஒழுகியது. கட்டில் ஓரத்தில் முழங்காலில் இருந்து "ஜசி" என்று தொடங்கினேன். அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை. குசினியிலிருந்து பெவர்லி கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டுப் போனேன்.

குசினியில் அடுத்த பயம் காத்திருந்தது. பெவர்லி துருவிய மரவள்ளியைத் துணியில் கட்டிப் பிழிந்துகொண்டிருந்தார். என் கையில் இஞ்சியைத் தந்து சீவச் சொன்னார். இலங்கை ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: மரவள்ளிக்கிழங்கையும் இஞ்சியையும் ஒன்றாகச் சேர்த்தால் நஞ்சு, ஆள் தப்பாது என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். ஒரே வீட்டில் ஒரே நாள் சமைக்க மாட்டோம். நான் தள்ளி நின்று சீவினேன். பெவர்லி பிழிந்த மாவை வட்டமாகத் தட்டிக் கல்லில் சுட்டார். ரேச்சல் வந்து சுடச்சுட ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே, மற்றக் கையால் முதல்நாள் செய்து வைத்த இஞ்சிப் பானத்தை எடுத்தாள். நான் பாய்ந்து கோப்பையைப் பறித்துக் கழுவுதொட்டிக்குள் ஊற்றினேன்.

"பெரியம்மா? என்ன செய்யிறீங்க?"

"கிழங்கைத் தின்னுபோட்டு இஞ்சியைக் குடிக்கிறியே, இந்த வீட்டில இன்னொரு செத்தவீடோ?"

ரேச்சல் அதை மொழிபெயர்த்தாள். பெவர்லி இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். "அறுபது வருசமா நான் ரெண்டையும் ஒண்டாத்தான் சாப்பிடுறன். நான் டப்பியே?" டப்பி என்றால் அவர்கள் பேச்சில் செத்தவர் ஆவி.

பிறகு அந்தப் பிழிந்த தண்ணீரைக் காட்டினார். "நஞ்சு இதுக்குள்ள இருக்கு. அதுதான் பிழிஞ்சு ஊத்துறம். இதை எங்களுக்குக் காட்டினது தைனோச் சனம். கப்பலுகள் வரமுன்னம் தீவில இருந்தவை. இந்த ரொட்டி அவையின்ர. பாமி எண்டு சொல்லுறம்."

"அந்தச் சனம் இப்ப எங்க?"

"வேலை வாங்கியும் வருத்தம் பரப்பியும் கொஞ்சக் காலத்தில அழிச்சுப்போட்டாங்கள். மலைக்கு ஓடினது கொஞ்சம் எங்கட ஆக்களோட கலந்துது. சனத்தை முடிச்சவங்களால ரொட்டியை முடிக்க ஏலேல்ல."

இந்த நாட்டில் எல்லோரும் சொல்கிற பார்பிக்கியூ என்ற சொல்லும் அந்தச் சனத்துடையதாம். எங்கள் ஒபீஸ்காரர்கள் நத்தாருக்கு முன் இறைச்சி சுடும்போது அந்த அடுப்பைக் கழுவுகிறவள் நான், எனக்கு இது தெரியாது. எங்கள் மரவள்ளியே அந்தப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்ததுதான் என்றாள் ரேச்சல். நான் ஒரு பாமி சாப்பிட்டேன், தேங்காய்ப்பாலில் ஊறவைத்துப் பொரித்தது. இஞ்சிப் பானம் குடிக்கவில்லை. இவ்வளவு சொன்ன பிறகும் குடிக்க முடியவில்லை.

இரண்டு மணிக்கு ஆட்கள் வந்தார்கள், பதினைந்து இருபது பேர். டெஸ்மன்ட் வாசலில் கொஞ்சம் வெள்ளை ரம் தெளித்தார், முன்னோர்களுக்கு. ஒரு சின்ன மேசையில் வெள்ளைத் துணி விரித்து ஜசிந்தாவுக்குப் பிடித்ததை வைத்தார்கள்: பொரித்த மீன், ரொட்டி, கோப்பி. அவளுக்கென்று ரேச்சல் மிளகாய் இடித்து வைத்த ஒரு கிண்ணம் கட்டைச் சம்பலும். அதை யாரும் தொடக் கூடாது. ஆண்கள் டொமினோக் கட்டையை மேசை அதிர அடித்து விளையாடினார்கள். எங்களூர்ச் செத்தவீட்டில் கடுதாசிச் சீட்டு விளையாடுவதை நினைத்துக்கொண்டேன். பாட்டு ஒன்று தொடங்கியது. கன்பராவிலிருந்து வந்த ஒருவர் ஒரு வரியைச் சொல்ல, எல்லோரும் அந்த வரியை இழுத்துப் பாட, அவர் அடுத்த வரியைச் சொல்ல. எழுத்து வாசிக்க விடாத அடிமைக் காலத்தில் அப்படிப் பாடிப் பழகியதாம். எனக்கு அது வசதி. வாசிக்கத் தேவையில்லாத பாட்டில் நானும் சேர்ந்துகொண்டேன், அர்த்தம் பாதி தெரியாமல். முதல் தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

ஐந்து மணி அளவில் பெவர்லி கூட்டுகிற தும்புத்தடி ஒன்றை எடுத்துக்கொண்டு ஜசிந்தாவின் அறைப் பக்கம் போனார். கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தும்புத்தடி விழுந்தது. "டெஸ்மன்ட்," என்று மெல்லக் கூப்பிட்டார். அந்தக் குரலில் பாட்டு நின்றது.

எல்லோரும் வாசலில் குவிந்தார்கள். காலையில் மூன்று ஆண்கள் சேர்ந்து மாற்றி வைத்த அறை, கட்டில் பழைய இடத்தில், விரிப்பு மடிப்புக் கலையாமல், சீப்பும் செபமாலையும் எடுத்து வைத்தபடி. யாரும் உள்ளே போகவில்லை. ஒரு பெண் சிலுவை போட்டாள். டெஸ்மன்ட் சுவரில் சாய்ந்துகொண்டு வாயைப் பொத்தினார். ரேச்சல் என் கையைப் பிடித்தாள்.

"பெரியம்மா, அம்மாதான் செய்திருக்கிறா. அம்மாக்குப் போக விருப்பமில்லை."

பெவர்லி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார், ரேச்சல் எனக்குத் தமிழில் சொன்னாள். மனிதருக்கு இரண்டு ஆவி. ஒன்று உடனே கடவுளிடம் போய்விடும். மற்றது வீட்டைச் சுற்றி நிற்கும். ஒன்பதாம் நாள் அதற்கு வழி காட்ட வேண்டும். அறையை மாற்றுவது அதற்குத்தான், திரும்பி வந்தாலும் தன் இடம் என்று தெரியாமல் போய்விட. இது ஆபிரிக்காவிலிருந்து வந்த நம்பிக்கை. போக மறுத்த ஆவிக்கு ஆறுதல் கிடையாது, அது வீட்டிலுள்ளவர்களையும் இருக்க விடாது. "நான் இந்த வீட்டில இனிப் படுக்கமாட்டன்," என்றாள் ரேச்சல். தன் அம்மாவின் வீட்டைப் பார்த்து அந்தப் பிள்ளை சொல்கிறாள்.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் இந்த வீட்டில் எனக்கு இடமில்லை. இருபத்து நாலு வருடத்துக்குப் பிறகு, வந்த மறுநாளே. செவ்வாய்க்கிழமை அடக்கத்துக்குக்கூட வெளியில்தான் நிற்க வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளையின் கை என் கைக்குள் இருந்தது.

"அது நான்," என்றேன் ஆங்கிலத்தில். "கட்டில். மேசை. நான்தான்."

"தனியவோ?" என்று பெவர்லி கேட்டார். துவாயைக் காட்டினேன், கம்பளக் குழியைக் காட்டினேன். பிறகு நிறுத்த முடியாமல் மற்றதையும் சொன்னேன், தமிழில். ரேச்சலை மொழிபெயர்க்கச் சொன்னேன். முப்பத்தோராம் நாள் கணக்கையும், அந்தச் சொல்லையும், அந்தச் சொல்லின் அர்த்தத்தையும். அந்த இடத்தில் ரேச்சல் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "சொல்லு பிள்ளை," என்றேன். சொன்னாள், கையை என் கைக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டு.

டெஸ்மன்ட் சுவரை விட்டு நிமிர்ந்தார். பிறகு ரேச்சலைப் பார்த்துப் பேசினார், அவள் எனக்குத் தமிழில் சொல்ல. "அந்தக் கிழமையே அவள் எனக்குச் சொல்லிட்டாள். அழுதவள். எனக்கும் கோபம்தான், கனகாலம். பிறகு ஒருநாள் உங்கட படத்தைக் காட்டினவள். இதுதான் அக்கா, உன்னை விடக் கறுப்பு எண்டு சொன்னவள்."

கன்பராக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு பெவர்லி. "உண்மைதானே," என்றார் என்னை மேலும் கீழும் பார்த்து. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்து நாலு வருடம் அவரும் அதைத் தெரிந்துகொண்டே என்னை அக்கா என்று சொல்லியிருக்கிறார். அதை நினைக்க இன்னும் கூடப் பயமாக இருந்தது.

"மன்னிக்கிறன் எண்டு நான் இண்டைக்குச் சொல்லமாட்டன்," என்றார் டெஸ்மன்ட். "இண்டைக்கு அவளின்ர நாள். கட்டிலின்ர தலைமாட்டைப் பிடியுங்கோ அக்கா."

பிடித்தேன். அவர் கால்மாட்டில். துவாய் வைக்காமல் தூக்கினோம், இரண்டு பேரும் மூச்சு வாங்கினோம். தூக்கியபடியேதான் என் வாய் திறந்தது. "ஜசி, நான் சொன்னது பிழை. கலியாணத்துக்கு வராதது பிழை. என்னை மன்னிச்சுக்கொள்." இரண்டு முறை சொன்னேன், மெல்லிய குரலில். அறையில் இருந்தது நாங்கள் மட்டும்தானா என்று எனக்குத் தெரியாது. கட்டிலைக் கதவுப் பக்கம் குறுக்கே வைத்தோம். பெவர்லி மூலையிலிருந்து கூட்டிக்கொண்டே வந்து வாசலில் நிறுத்தினார்.

"இனி ஒவ்வொருத்தரும் போகச் சொல்லவேணும்," என்றாள் ரேச்சல். டெஸ்மன்ட் சொன்னார். பெவர்லி சொன்னார். ரேச்சல் அழுதுகொண்டு சொன்னாள். "நீங்க தமிழில சொல்லுங்கோ பெரியம்மா."

எங்கள் வீட்டில் ஒருவரையும் வெறுமனே போ என்று சொன்னதில்லை. கடைக்குப் போகிறவனையும் போட்டு வா, திரும்பி வா என்றுதான் அனுப்புவோம். அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். ரேச்சலின் முகத்தைப் பார்த்தேன். அவள் இன்று இரவு இந்த வீட்டில் படுக்க வேண்டும்.

"போ, ஜசி," என்றேன்.

பெவர்லி குப்பையை வாசலுக்கு வெளியே தள்ளினார்.

செவ்வாய்க்கிழமை அடக்கத்தில் டெஸ்மன்ட்டுக்குப் பக்கத்தில் எனக்கு இடம் போட்டிருந்தார்கள். புதன்கிழமை காலை ரயிலில் திரும்பினேன். ரேச்சல் சென்ட்ரல் வரை வந்தாள். அந்தச் சொல்லைப் பற்றி அவள் இன்னும் என்னோடு பேசவில்லை. முப்பத்தோராம் நாள் பூசைக்கு மெல்பேர்ன் வருவியா என்று கேட்டேன். பார்ப்பம் என்றாள். அவர்கள் கணக்கில் ஜசிந்தா போய்விட்டாள். என் கணக்கில் இன்னும் நாள் இருந்தது, ஆனால் நானே போகச் சொல்லிவிட்டேன். திரும்பி வந்த பிறகு வீட்டில் ஒரு கதவு அடித்தாலும் திடுக்கிடுகிறேன். அவள் என்று பயமா, அவள் இல்லை என்று பயமா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயம். ரயிலில் போனால் குளிருக்கு ஒரு போர்வை வேண்டும், பெட்டிக்குள் குளிரூட்டி கடுமை. சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள். முதலே பதிந்தால் மலிவு. சாவு முதலே சொல்லிக்கொண்டு வராது, அதனால் அந்த விலையை அழாமல் கொடுங்கள். பாமி கிடைத்தால் சாப்பிடுங்கள், இஞ்சியோடு குடிப்பதா என்பது உங்கள் பொறுப்பு. வேறு சனத்தின் செத்தவீட்டுக்குப் போனால் ஒன்றையும் தொடாதீர்கள். விளங்காவிட்டால் தலையாட்டாதீர்கள், என்ன இது என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

கடைசியாக, பயமாக இருக்கிறது என்று வீட்டில் இருக்காதீர்கள். பயம் போகட்டும், பிறகு போகலாம் என்று நான் ஒரு கிழமை சமையலறை யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் போகவில்லை. அது என்னோடு காலை எட்டரை ரயிலில் ஏறி, பக்கத்து ஆசனத்தில் இருந்து, டூங்காபி வரை வந்தது. நான் வீட்டில் இருந்த அந்தக் கிழமையில் அது சனிக்கிழமை ரயிலுக்கும் வந்திருக்கும், திங்கட்கிழமை ரயிலுக்கும் வந்திருக்கும். அதைக் கூட்டிக்கொண்டே நான் முதலாவது ரயிலில் போயிருக்கலாம்.